எச்சில் மாதிரி

சோஹார், தொழிற்பேட்டைச் சாலை, பாலிகிளினிக்கின் முதல் மாடி.
ஜன்னல் இல்லாத அறை என்னுடையது.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஃபிரிட்ஜ், நான்.

மீரான் பிச்சை, குபூஸ் கம்பெனியில் மாவு பிசைபவர்.
ராத்திரி பதினொன்றுக்கு ஈஸ்ட்டைக் கரைத்து
விடிவதற்குள் பன்னிரண்டாயிரம் ரொட்டிக்கு
மாவை உப்ப வைப்பவர்.
மாவுத்தூள் நெஞ்சில் ஏறி இழுப்பு வந்தது.
இழுப்புக்கு இன்ஹேலர் வந்தது.
இன்ஹேலர் பின்னாலேயே நாக்கில் வெள்ளை வந்தது.
“வாய்க்குள்ளயும் புளிக்க ஆரம்பிச்சிருச்சு, சிஸ்டர்.”
சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார்.
நான் சிஸ்டர் இல்லை. திருத்தவில்லை.

வழித்தெடுத்ததைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்தேன்.
லென்சுக்கு அடியில்
ராத்திரி ஊறப்போட்ட பயறு மாதிரி
உருண்டை உருண்டையாய்,
ஒவ்வொன்றிலும் வால் முளைத்து.

இது வெளியிலிருந்து வந்ததில்லை.
பாதிப் பேர் வாயில் வாடகை தராமல் குடியிருப்பதுதான்.
அதை இருக்கிற இடத்தில் இருக்க வைப்பது
எச்சில்.
ஆமாம், இலையோடு சேர்த்து நாம் வீசுகிற,
பட்டால் கை கழுவுகிற, வசைக்கு எடுத்துக்கொள்கிற
அதே எச்சில்.

அதற்குள் ஹிஸ்டாட்டின் என்று ஒரு புரதத் துணுக்கு.
இருபத்திநான்கு மணி கோத்த சின்னச் சரடு.
கதவை உடைக்காது.
தீனி என்று நம்பி
பூஞ்சையே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
அப்புறம் ஓட்டைப் பானைதான்:
உப்பு ஒழுகும், தெம்பு ஒழுகும்,
சுவர் மட்டும் நிற்கும்.
பூஞ்சையும் லேசுப்பட்டதல்ல,
சரடை அறுக்கக் கத்தரி வைத்திருக்கிறது.
தினமும் நடக்கிறது இந்தச் சண்டை.
சத்தம் கேட்காது.
நாம் டீ குடித்துக்கொண்டிருப்போம்.

அடுப்புச் சூட்டில் அவர் வாய் வறண்டு கிடந்தது.
ஊதுகிற மருந்து மற்ற காவலையும் தூங்க வைத்திருந்தது.
ஊதியபின் கொப்பளிக்க வேண்டும் என்று
அட்டைப்பெட்டிக்குள் மடித்த தாளில் இருந்ததாம்,
அரபியில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம்.

“ரூமில் என் தம்ளரைத் தனியா வச்சுட்டானுங்க.
அடியில சிவப்பு நெயில்பாலிஷ் பொட்டு.”
தொட்டால் தொற்றுகிற வியாதி இல்லை இது என்றேன்.
மேலே எதுவும் சொல்லவில்லை.
தனித் தம்ளரை எனக்குத் தெரியும்.
நோயில்லாமலே தெரியும்.

சூடான் டாக்டர் இஹ்சான் எழுதிய சீட்டு:
எவ்வளவு ஊறுகிறது, அளக்கவும்.
கோடு போட்ட குழாயை வாய்க்குக் கீழே பிடித்து
குனிந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடம்.
அரை மில்லிகூட இல்லை.
கூச்சம் வேறு, பொம்பளை முன்னால் துப்புவதற்கு.
டாக்டர் எட்டிப் பார்த்து
“லைமூன், லைமூனை நினை” என்றார்.
மீரான் பிச்சை மரியாதையாக நினைத்துப் பார்த்தார்.
ஒன்றும் இறங்கவில்லை.

டாக்டர் போனதும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்:
அரைநெல்லிக்காய்.
பள்ளிக்கூட வாசலில், சாக்கு விரித்து,
உப்பு, மிளகாய்த்தூள்.

அவர் தாடை கூசியது.
கண் ஒரு நொடி இடுங்கியது.
நூல் பிடித்தாற்போல் இறங்கியது குழாயில்,
ஒன்று, ஒன்றே கால், ஒன்றரை.
அறுந்து போகாத சரடுகள்
அதில் எத்தனை ஆயிரம் இருந்தனவோ.

லேபிளில் பெயரும் தேதியும் எழுதினேன்.
எழுதும்போது இரண்டு முறை
விழுங்கவேண்டி வந்தது எனக்கு.